பெரிய மீன் தொட்டி: நாலடியா, ஐந்தடியா, ஆறடியா?

நீங்கள் கேட்டது இதுதான்: இரண்டடித் தொட்டியில் மீன் வளர்த்துப் பழகிவிட்டீர்கள், இப்போது முதல் மாடி ஹாலில் ஏழடிச் சுவர் ஒன்று காலியாக இருக்கிறது, அங்கே பெரிய தொட்டி வைக்க வேண்டும். தொட்டி செய்பவர் மூன்று அளவு சொல்லியிருக்கிறார். நீளம், அகலம், உயரம் என்ற வரிசையில் அடிக்கணக்கில் 4×1.5×2, 5×1.5×2.5, 6×2×2. பெரிதாக வளரும் ஆஸ்கார் மீன் இரண்டு வளர்க்க ஆசை, முடிந்தால் பிற்பாடு அதைவிட நீளமாக வளரும் அரோவானா மீன் ஒன்று. எதை எடுப்பது, மாடி தாங்குமா?

பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணங்களை அப்புறம் பார்க்கலாம். நடுவில் இருக்கும் ஐந்தடித் தொட்டியை முதலில் தள்ளிவிடுங்கள். மூன்றில் அதுதான் பார்த்த உடனே எடுப்பாகத் தெரியும், வைத்துப் பராமரிக்கும்போது அதுதான் அதிகம் படுத்தும். ஆறடித் தொட்டியை எடுங்கள், ஆனால் உயரத்தை 24 அங்குலத்திலிருந்து 21 அங்குலமாகக் குறைக்கச் சொல்லுங்கள். ஹோஸ் எட்டும் தூரத்தில் குழாயும் வடிகாலும் இல்லையென்றால் ஆறடியை மறந்துவிட்டு நாலடி நீளத்திலேயே நில்லுங்கள், அகலத்தை மட்டும் ஒன்றரையிலிருந்து இரண்டடி ஆக்கிக்கொள்ளுங்கள். அரோவானாவுக்கு இந்த மூன்றில் எதுவும் போதாது.

பெரிய தொட்டி என்றதும் எல்லோரும் லிட்டரில்தான் பேசுகிறார்கள். கணக்கு எளிது: ஒரு கன அடி 28.3 லிட்டர். உங்களுக்குச் சொன்ன மூன்றும் முறையே 340, 531, 680 லிட்டர் வரும். ஆனால் ஒரே அளவு தண்ணீரைப் பல வடிவத்தில் நிறுத்தலாம், மீனுக்கு அந்த வடிவம்தான் முக்கியம். அந்த 5×1.5×2.5 தொட்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். அதை 5×2 என்று அகலப்படுத்தி உயரத்தை 21 அங்குலமாகக் குறைத்தால் 495 லிட்டர். தண்ணீர் 35 லிட்டர்தான் குறைகிறது, தரைப்பரப்போ ஏழரைச் சதுர அடியிலிருந்து பத்துச் சதுர அடியாகக் கூடுகிறது, அதாவது மூன்றில் ஒரு பங்கு அதிகம். ஆஸ்கார் மாதிரி இடம் பிடித்துச் சண்டை போடும் மீன்களுக்கு அந்தத் தரைதான் வீடு. மேற்பரப்பும் அதே அளவுதான் கூடுகிறது, ஆக்சிஜன் தண்ணீருக்குள் வருவதும் கரியமில வாயு வெளியேறுவதும் அந்த மேற்பரப்பு வழியாகத்தான். மின்சாரம் போய்ப் பம்ப் நின்றுவிட்ட நேரத்தில் அகலமான தொட்டி தாக்குப்பிடிப்பதற்கு இதுதான் காரணம்.

அகலத்தைப் பற்றி இன்னொன்று. நேராக நின்று முன்கண்ணாடி வழியாகப் பார்க்கும்போது தண்ணீர் தன் உண்மையான ஆழத்தில் முக்கால் பங்குதான் இருப்பதாகக் கண்ணுக்குத் தோன்றும். தண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.33 என்பதால் வரும் விளைவு இது. ஒன்றரையடி அகலத் தொட்டியில் தண்ணீர் நிரப்பியதும் பின்சுவர் பதின்மூன்றரை அங்குலத்தில் நிற்பதுபோல் இருக்கும். அதில் ஒரு பெரிய கல்லும் ஒரு மரக்கட்டையும் வைத்துவிட்டால் மீன் நீந்துவது ஒரு நடைபாதைக்குள்தான். இரண்டடி அகலம் இருந்தால் கண்ணுக்கு ஒன்றரையடி கிடைக்கும், கல்லுக்குப் பின்னாலும் மீன் போய்வரும், தொட்டிக்குள் ஓர் இடம் இருக்கிறது என்ற உணர்வு அப்போதுதான் வரும். காலித் தொட்டியைக் கடையில் பார்க்கும்போது இது தெரியாது, அதனால்தான் நிறையப் பேர் அகலத்தில் கஞ்சத்தனம் செய்துவிடுகிறார்கள்.

உயரத்துக்கு வருவோம். உயரமான தொட்டி ஹாலில் கம்பீரமாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் கண்ணாடிக்கும் கைக்கும் விளக்குக்கும் அது ஒத்துவராது.

முதலில் கண்ணாடி. தண்ணீரின் அழுத்தம் தொட்டி எவ்வளவு பெரியது என்பதைப் பொறுத்ததல்ல, எவ்வளவு ஆழம் என்பதைப் பொறுத்தது. முன்கண்ணாடியின் மேல் விழும் மொத்த விசை ஆழத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். ஆறடி நீளக் கண்ணாடியில் தண்ணீர் 60 செ.மீ. நின்றால் விசை சுமார் 330 கிலோ எடைக்குச் சமம். அதையே 75 செ.மீ. ஆக்கினால் சுமார் 515 கிலோ. ஆழம் கால்பங்கு கூடியது, விசை பாதிக்கும் மேல் கூடிவிட்டது. அதனால் கண்ணாடியின் தடிமனும் அடுத்த படிக்குப் போக வேண்டும். 6×2×2 தொட்டிக்கு மேல்விளிம்புப் பட்டைகளோடு (கண்ணாடி வெளியே வளையாமல் பிடிக்க விளிம்பில் ஒட்டும் கண்ணாடிப் பட்டைகள்) 12 எம்.எம். கண்ணாடி போடுவது வழக்கம். இரண்டரையடி உயரம் போனால் 15 அல்லது 19 எம்.எம். பேச்சு வந்துவிடும். உங்களுக்குச் சொன்ன ஐந்தடித் தொட்டிக்கு எத்தனை எம்.எம். போடப் போகிறார் என்று கேட்டுப் பாருங்கள். 10 என்று பதில் வந்தால் அவரிடம் வேறு எந்தத் தொட்டியையும் செய்யாமல் இருப்பது நல்லது.

அடுத்தது கை. சராசரி ஆளின் கை தோளிலிருந்து விரல்நுனி வரை 65 முதல் 70 செ.மீ. இருக்கும். இரண்டடி உயரத் தொட்டியில் அடியில் விழுந்த ஒன்றை எடுக்கவே அக்குள் வரை நனையும். இரண்டரையடியில் கை தரையைத் தொடவே தொடாது. செடி நடவும், கல் நகர்த்தவும், செத்த மீனை எடுக்கவும் இடுக்கியும் ஸ்டூலும் தேவைப்படும். ஸ்டாண்டின் உயரத்தையும் சேர்த்துப் பாருங்கள்: 30 அங்குல ஸ்டாண்டு, அதன்மேல் 30 அங்குலத் தொட்டி என்றால் விளிம்பு ஐந்தடியில் நிற்கிறது, பல பேருக்கு மூக்கு உயரம். இப்படிப்பட்ட தொட்டியின் மூலைகளில் மாதக்கணக்கில் கழிவு தேங்குவதைப் பார்த்திருக்கிறேன். சோம்பேறித்தனம் என்று சொல்ல மாட்டேன், கை எட்டாத இடத்தை யாரும் அடிக்கடி சுத்தம் செய்வதில்லை.

விளக்கைப் பற்றிச் சுருக்கமாக: ஆழம் கூடக் கூட வெளிச்சம் பரவிக் குறைகிறது. உயிருள்ள செடி வளர்க்கும் எண்ணம் இருந்தால் 20 முதல் 22 அங்குலத்தோடு நிறுத்திக்கொள்வது செலவுக்கும் செடிக்கும் நல்லது. ஆஸ்கார் எப்படியும் செடியைப் பிடுங்கிப் போட்டுவிடும், ஆகவே உங்களுக்கு இது பெரிய விஷயமில்லை. உயரம் உண்மையாகவே தேவைப்படுவது ஏஞ்சல், டிஸ்கஸ் போன்ற தட்டையான உயர மீன்களுக்கு. வளர்ந்த ஏஞ்சல் துடுப்பு நுனி முதல் நுனி வரை 20 செ.மீ.க்கும் மேல் போகும். அவற்றுக்கும் 20, 22 அங்குலம் தாராளம்.

சரி, மீனுக்கு வருவோம். அளவு முடிவு செய்யும்போது பார்க்க வேண்டியது கடையில் இருக்கும் குஞ்சின் நீளமல்ல, வளர்ந்த மீனின் நீளம். ஆஸ்கார் குஞ்சு விரல் நீளத்தில் விற்கப்படுகிறது, 30 முதல் 35 செ.மீ. வரை வளரும், நல்ல தீனியும் தண்ணீரும் கிடைத்தால் முதல் வருடத்திலேயே அதில் பெரும்பகுதியை எட்டிவிடும். சக்கர் என்று விற்கப்படும் சாதாரண ப்ளெக்கோ 40 செ.மீ.யைத் தாண்டும். கிளவுன் லோச் மெதுவாக வளர்ந்து 20, 25, சில 30 செ.மீ. வரை போகும், அதுவும் கூட்டமாக வைக்க வேண்டிய மீன். வால் நீண்ட காமெட் கோல்டு ஃபிஷ்கூட 25 செ.மீ. தாண்டும். ஐரிடெசன்ட் ஷார்க் என்ற பெயரில் விற்கும் குட்டி, சுறாவே அல்ல, மேகாங் ஆற்றுக் கெளுத்தி, ஒரு மீட்டருக்கு மேல் வளரும். ரெட்டெயில் கேட்ஃபிஷும் அப்படித்தான். இந்தக் கடைசி இரண்டுக்கும் சரியான வீட்டுத் தொட்டி அளவு என்று ஒன்று கிடையாது, வாங்காமல் இருப்பதுதான் வழி.

தொட்டிக்கு ஏற்ற அளவுதான் மீன் வளரும் என்று ஒரு பேச்சு உண்டு. நம்ப வேண்டாம். நெருக்கடியான தொட்டியில் மீன் குட்டையாக நிற்பது உண்டுதான், ஆனால் அது தொட்டியைப் பார்த்து மீன் செய்துகொண்ட ஏற்பாடு இல்லை, கெட்ட தண்ணீரில் வளர்ச்சி நின்றுபோன நிலை.

ஓர் அங்குல மீனுக்கு ஒரு காலன் என்ற பழைய கணக்கையும் பெரிய மீனுக்குப் பயன்படுத்தாதீர்கள். 3 செ.மீ. நியான் டெட்ராவைவிட 30 செ.மீ. ஆஸ்கார் பத்து மடங்கு நீளம். ஆனால் உடல் நீளத்தில் மட்டுமா கூடுகிறது? உயரத்திலும் பருமனிலும் கூடுகிறது. எடை ஏறக்குறைய ஆயிரம் மடங்கு. தின்பதும் கழிப்பதும் நீளத்தைப் பின்பற்றுவதில்லை, உடம்பின் எடையோடு சேர்ந்தே ஏறுகின்றன. பத்து நியானும் ஓர் ஆஸ்காரும் ஒன்று என்று அந்தக் கணக்கு சொல்லும், தொட்டித் தண்ணீர் அப்படிச் சொல்லாது.

நான் பயன்படுத்தும் அளவுகோல் வேறு. வளர்ந்த மீனின் நீளத்தைப்போல் குறைந்தது நாலு மடங்கு தொட்டியின் நீளம், ஆறு மடங்கு இருந்தால் நல்லது. அகலம் மீனின் நீளத்தைவிடக் கண்டிப்பாகக் கூடுதலாக இருக்க வேண்டும், ஒன்றரை மடங்கு இருந்தால் மீன் உடம்பை மடிக்காமல் திரும்பும். 33 செ.மீ. ஆஸ்காருக்கு இதைப் போட்டுப் பாருங்கள்: நீளம் 132 முதல் 198 செ.மீ., அகலம் 50 செ.மீ. நாலடி என்பது 122 செ.மீ., ஆகவே அது ஓர் ஆஸ்காருக்கே சற்று இறுக்கம், ஒன்றரையடி அகலம் 46 செ.மீ.தான். 6×2 இரண்டு ஆஸ்காருக்குச் சரியாக உட்காருகிறது.

இரண்டு ஆஸ்கார் என்பதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. அவை சேர்ந்து வளரலாம், வளர்ந்தபின் ஒன்று மற்றதை விரட்டவும் செய்யலாம். விரட்டப்படும் மீனுக்கு ஓடிப்போய் நிற்க ஒரு மூலையும் கண்ணில் படாமல் மறைய ஒரு கட்டையும் வேண்டும். ஆறடி நீளத்தில் அது கிடைக்கும், நாலடியில் கிடைக்காது. நாலடி எடுத்தால் ஓர் ஆஸ்காரோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்று சொல்வது அதனால்தான். ஆறடியில் இரண்டு ஆஸ்காரோடு ஐந்தாறு சில்வர் டாலர் விடலாம். அவை 15 செ.மீ. வளரும், ஆஸ்கார் வாய்க்குள் போகாது, கூட்டமாக நீந்தி அந்த நீளத்தைப் பயன்படுத்திக்கொள்ளும்.

அடுத்து மாடி. இதில் இரண்டு பக்கமும் மிகைப்படுத்துகிறார்கள், இடிந்து விழும் என்று ஒருவர், கான்கிரீட் எதையும் தாங்கும் என்று இன்னொருவர். முதலில் எடையைப் போட்டுப் பார்ப்போம். 6×2×2 தொட்டியில் தண்ணீரை விளிம்பு வரை நிரப்ப மாட்டோம், 22 அங்குலம் என்று வைத்தால் 620 லிட்டர் சொச்சம். மணலும் கல்லும் பிடித்துக்கொள்ளும் இடம் போக 580 லிட்டர், அதாவது 580 கிலோ. இரண்டு அங்குலம் மணல் பரப்பினால் சுமார் 90 கிலோ. கல், கட்டை 30. கண்ணாடி ஒரு சதுர மீட்டருக்கு ஒவ்வொரு எம்.எம். தடிமனுக்கும் இரண்டரைக் கிலோ, இந்தத் தொட்டிக்கு 12 எம்.எம். கண்ணாடி சுமார் 4.1 சதுர மீட்டர் பிடிக்கும், ஆக 120 கிலோவுக்கு மேல். ஸ்டாண்டு 70. கீழே சம்ப் (பெரிய தொட்டியின் தண்ணீரை இறக்கி, வடிகட்டி, மேலே அனுப்பும் சிறு தொட்டி) வைத்தால் அதன் கண்ணாடியும் தண்ணீரும் சேர்ந்து இன்னொரு 125. கூட்டினால் ஒரு டன். நான் சொன்ன 21 அங்குல உயரத்தில் நூறு கிலோ அளவுக்குக் குறையும். 4×2 தரைப்பரப்பில் அதே 21 அங்குல உயரம் என்றால் எல்லாம் சேர்த்து 600 கிலோவை ஒட்டி வரும்.

பல நாடுகளின் கட்டட விதிகளில் வீட்டு அறைகளுக்குச் சதுர மீட்டருக்கு 150 முதல் 200 கிலோ வரை பயன்பாட்டுச் சுமை என்று கணக்கிட்டு வடிவமைக்கிறார்கள். உங்கள் தொட்டி நிற்கும் இடம் 1.1 சதுர மீட்டர்தான், அங்கே ஒரு டன் என்றால் அந்த அளவைப்போல் நாலரை முதல் ஆறு மடங்கு. பயமாகத்தான் இருக்கும். ஆனால் அந்த 200 கிலோ அறை முழுவதும் ஒரே சமயத்தில் நிரம்பியிருப்பதாக வைத்துப் போட்ட கணக்கு. 16 சதுர மீட்டர் அறைக்கு அது மொத்தம் 3,200 கிலோ. ஆகவே ஒரு டன் என்ற எடையைவிட அது எங்கே இறங்குகிறது என்பதுதான் பெரிய கேள்வி. தளத்தின் நடுவில் வைத்த சுமை தளத்தை வளைக்கும். சுமை தாங்கும் சுவரையோ பீமையோ ஒட்டி வைத்தால் வளைவு மிகக் குறைவு, எடை நேராகத் தாங்கலுக்கு இறங்கிவிடும். வெறும் தடுப்புச் சுவர் என்றால் அதை ஒட்டி வைத்தும் பயன் இல்லை, கீழ்த்தளத்தில் அதே இடத்தில் சுவரோ பீமோ இருக்கிறதா என்று இறங்கிப் போய்ப் பாருங்கள். மரத்தளமாக இருந்தால் தொட்டியின் நீளம் கீழே ஓடும் உத்தரங்களுக்குக் குறுக்காக அமைய வேண்டும், அப்போது பல உத்தரங்கள் எடையைப் பங்கிட்டுக்கொள்ளும்.

இன்னொரு விஷயம், விருந்துக்கு வந்த கூட்டம் கலைந்துவிடும், தொட்டியின் எடை வருடக்கணக்கில் நகராது. தொடர்ந்து நிற்கும் சுமையில் கான்கிரீட்டும் மெல்ல மெல்லத் தொய்யும். எனவே என் கணக்கு இப்படி: மாடியில், நல்ல கான்கிரீட் தளத்தில், தாங்கும் சுவரை ஒட்டி நாலடித் தொட்டி என்றால் பெரும்பாலும் கவலையில்லை. ஆறடி என்றால் கட்டுமானப் பொறியாளர் ஒருவரை வரவழைத்து ஒரு தடவை காட்டிவிடுங்கள், வரைபடம் இருந்தால் அதையும் கொடுங்கள். மரத்தளம், பழைய வீடு, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பால்கனித் தளம் இவற்றில் எதுவாக இருந்தாலும் நாலடிக்கே கேட்டுக்கொள்ளுங்கள். முன்பின் தெரியாத தளத்தைப் பற்றி யார் தூரத்தில் இருந்து உறுதி சொன்னாலும், நான் சொன்னாலும், ஏற்காதீர்கள்.

ஸ்டாண்டும் இதில் சேர்த்தி. நாலு கால்களில் நின்றால் ஒவ்வொரு காலின் கீழும் கால் டன், ஓடு விரிசல் விடும். அடிப்பகுதி முழுவதும் தரையில் படிவதுபோல் சட்டம் வைக்கச் சொல்லுங்கள். மேல்தட்டு ரசமட்டத்தில் அப்பழுக்கில்லாமல் இருக்க வேண்டும், அடிக்கண்ணாடிக்குக் கீழே தெர்மோகோலோ ஃபோம் ஷீட்டோ வேண்டும்.

இவ்வளவு சொன்னேனே, உண்மையில் தொட்டியின் அளவைத் தீர்மானிப்பது கண்ணாடியும் தளமும்கூட இல்லை, வாராவாரம் தண்ணீர் மாற்ற உங்களால் முடிகிற அளவு. பெரிய தொட்டி பராமரிக்க எளிது என்று சொல்வார்கள். பாதி உண்மை. தண்ணீர் அதிகம் என்பதால் வெப்பம் சட்டென்று மாறாது, ஒரு வேளை தீனி அதிகமாகிவிட்டாலும் கழிவிலிருந்து வரும் அம்மோனியா என்ற நச்சு ஒரேயடியாக ஏறாது, தவறு நடந்தால் சரிசெய்ய அவகாசம் கிடைக்கும். ஆனால் ஃபில்டரில் உள்ள பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும், அத்தோடு நின்றுவிடும். சேரும் நைட்ரேட்டை வெளியேற்ற, செடிகள் இல்லாத ஆஸ்கார் தொட்டியில், தண்ணீர் மாற்றுவதைத் தவிர நடைமுறையில் வேறு வழியில்லை.

ஒரு சின்னக் கணக்கு. வாரத்துக்கு லிட்டருக்கு 10 மில்லிகிராம் நைட்ரேட் சேர்கிறது என்று வையுங்கள். வாராவாரம் கால்பங்கு தண்ணீர் மாற்றினால், ஊற்றும் தண்ணீரில் நைட்ரேட்டே இல்லையென்றாலும், அளவு ஏறி ஏறி மாற்றுவதற்கு முன் 40 மில்லிகிராமில் வந்து நிலைக்கும். பாதி மாற்றினால் 20-இல் நிலைக்கும். அதே மீன்களை இருமடங்கு பெரிய தொட்டியில் விட்டால் வாரத்துக்கு 5 மில்லிகிராம்தான் சேரும், கால்பங்கு மாற்றினாலே 20-இல் நிற்கும். பெரிய தொட்டியின் நன்மை இங்கேதான் இருக்கிறது, ஆனால் மீன் எண்ணிக்கையைக் கூட்டாதவரைதான். அப்புறம் ஒன்றைக் கவனியுங்கள்: சிறிய தொட்டியில் பாதியும் பெரிய தொட்டியில் கால்பங்கும் ஒரே அளவு லிட்டர்தான். மீன் எவ்வளவு கழிக்கிறதோ அதற்கேற்ற தண்ணீரை எந்தத் தொட்டியிலும் நீங்கள் சுமந்தே ஆக வேண்டும்.

600 லிட்டரில் கால்பங்கு 150 லிட்டர். 15 லிட்டர் வாளியில் பத்து வாளி வெளியே, பத்து வாளி உள்ளே. முதல் மாதம் உற்சாகத்தில் செய்துவிடலாம். அதற்கு மேல் வாளியில் யாரும் தொடர்ந்து செய்து நான் பார்த்ததில்லை. அதனால்தான் முதலிலேயே ஹோஸ் பற்றிச் சொன்னேன். வடிகால் தொட்டியைவிடத் தாழ்வாக இருந்தால் ஹோஸை வைத்து உறிஞ்சிவிட்டாலே தண்ணீர் தானாக இறங்கும், நிரப்பக் குழாயில் நேரடியாகப் பொருத்தலாம், அல்லது ஒரு டிரம்மில் பிடித்து வைத்து மோட்டாரில் ஏற்றலாம். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் அதை நீக்கும் மருந்து போடாமல் ஊற்றக் கூடாது. குளோரினுக்குப் பதில் குளோரமின் (குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்தது) கலக்கும் ஊர்களில் தண்ணீரைத் திறந்து வைத்தாலும் எளிதில் போகாது, மருந்துதான் வழி. நேரடியாகத் தொட்டியில் நிரப்பும்போது மாற்றும் தண்ணீரின் அளவுக்கு மட்டும் மருந்து போடாமல் முழுத் தொட்டி அளவுக்குக் கணக்கிட்டு, தண்ணீர் விடுவதற்கு முன்பே போடுங்கள்.

ஃபில்டர் விஷயத்தில், அழுக்கு அதிகம் பண்ணும் ஆஸ்காருக்கு மணிக்குத் தொட்டியின் கொள்ளளவைப்போல் எட்டு மடங்கு தண்ணீர் சுற்றுவது நல்லது. நாலடிக்கு இரண்டு கேனிஸ்டர் (தொட்டிக்கு வெளியே வைக்கும் மூடிய டப்பா ஃபில்டர்) போதும். ஆறடிக்கு நான் சம்ப்தான் சொல்வேன். சம்ப் என்றால் ஸ்டாண்டின் உள்ளே அதற்கு இடம் வேண்டும், அதன் மேல் கைவிட்டுப் பஞ்சை எடுக்கவும் இடம் வேண்டும், ஆகவே ஸ்டாண்டு 30 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. இங்கே நிறையப் பேர் தப்பவிடும் கணக்கு ஒன்று இருக்கிறது. 6×2 தொட்டியில் ஓர் அங்குல உயரத் தண்ணீர் சரியாக ஒரு கன அடி, 28 லிட்டர். மின்சாரம் நின்றால், தண்ணீர் வழிந்து சம்புக்கு இறங்கும் ஓவர்ஃப்ளோ விளிம்புக்கு மேல் நிற்கும் தண்ணீரும், ஏற்றும் குழாயின் வாய் மூழ்கியிருக்கும் அளவுத் தண்ணீரும் கீழே இறங்கிவிடும். இரண்டு அங்குலம் இறங்கினால் 56 லிட்டர். சம்பில் அந்த அளவு காலி இடம் எப்போதும் இல்லையென்றால் தண்ணீர் ஹாலில் ஓடும். சம்ப் வைக்க அடிக்கண்ணாடியிலோ பின்கண்ணாடியிலோ துளை போடுவார்கள். டெம்பர் செய்த (சூடாக்கிக் குளிர்வித்துக் கடினமாக்கிய) கண்ணாடியில் துளை போட முடியாது, உடைந்து சிதறிவிடும், எனவே சம்ப் உண்டா இல்லையா என்பதை ஆர்டர் கொடுக்கும்போதே முடிவு செய்ய வேண்டும்.

இனி உங்கள் ஏழடிச் சுவர். ஆறடித் தொட்டி வைத்தால் இரண்டு பக்கமும் ஆறாறு அங்குலம் மிஞ்சும், அது போதும். பின்னால் குழாய்களுக்கு நாலைந்து அங்குலம் விட வேண்டும், ஆக இரண்டடித் தொட்டி சுவரிலிருந்து 28, 29 அங்குலம் ஹாலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும். இதைக் கணக்கில் எடுக்காமல் வாங்கியவர்கள் வீட்டில் சோபாவும் தொட்டியும் முட்டிக்கொண்டிருக்கும். பிளக் பாயிண்ட் தொட்டிக்கு நேர் பின்னால் இருக்க வேண்டாம், பக்கவாட்டில் இருக்கட்டும், வயர் பிளக்குக்கு வரும் முன் கீழே தொங்கி வளைந்து ஏற வேண்டும், அப்போதுதான் வயர் வழி ஒழுகும் தண்ணீர் பிளக்குக்குள் போகாது. நேரடி வெயில் விழும் ஜன்னல் அருகே இருந்தால் இடத்தை மாற்றுங்கள், பாசியோடு போராடியே காலம் போய்விடும்.

படிக்கட்டையும் அளந்து பாருங்கள். நேரான படியில் ஆறடித் தொட்டியை நாலைந்து பேர் தூக்கிவிடலாம், காலியாகவே 120 கிலோ. பாதியில் திரும்பும் படியாக இருந்தால் அந்தத் திருப்பத்தில் தொட்டியைச் சாய்க்க வேண்டும், மேல்விளிம்புப் பட்டையைப் பிடித்துத் தூக்கினால் பட்டை கையோடு வந்துவிடும். வழி போதாது என்றால் கண்ணாடிகளைத் தனித்தனியாகக் கொண்டுவந்து அதே இடத்தில் வைத்து ஒட்டச் சொல்லுங்கள். சிலிகான் நன்றாக இறுக ஒரு வாரம் விட்டுவிட வேண்டும்.

வாடகை வீடாக இருந்து ஓரிரு வருடத்தில் மாற வேண்டிவரும் என்றால் என் பதில் மாறும். அப்போது 4×2-க்கு மேல் போகவே வேண்டாம். தொட்டியை நகர்த்துவதைவிட 600 லிட்டர் தண்ணீரில் பழகிய இரண்டு பெரிய மீன்களை இடம் மாற்றுவதுதான் பெரிய வேலை.

அரோவானா பாக்கி இருக்கிறது. வெள்ளி அரோவானா தொட்டியில் 60, 75 செ.மீ. சாதாரணமாகத் தொடும், அதற்கு மேலும் போகும். அளவுகோலைப் போட்டால் நீளம் எட்டடி முதல் பத்தடி, அகலம் குறைந்தது இரண்டரையடி, மூன்றடி இருந்தால் நல்லது. அது மேல்மட்டத்தில் நீந்தும் மீன், ஆகவே உயரம் இருந்து பயனில்லை, இரண்டடி போதும். உங்கள் சுவர் ஏழடி. குட்டியாக இருக்கும்போது வைத்துப் பிறகு மாற்றலாம் என்று யோசிப்பீர்கள். மாற்ற எட்டடித் தொட்டிக்கு வேறு சுவர் இருந்தால் அது திட்டம், இல்லையென்றால் அது ஆசை. வளர்ந்த அரோவானாவைத் திருப்பி வாங்கிக்கொள்ள ஆள் கிடைப்பதும் எளிதல்ல.

ஆர்டர் கொடுக்கும் முன் தரையில் 6×2 அளவுக்குப் பழைய செய்தித்தாளை விரித்து டேப் ஒட்டி ஒரு வாரம் அப்படியே விட்டுவிட்டு நடந்து பாருங்கள். இடிக்கவில்லை என்றால் 6 அடி, 2 அடி, 21 அங்குலம், 12 எம்.எம்., விளிம்புப் பட்டையோடு, அடியில் துளையோடு என்று எழுதிக் கொடுங்கள். வந்ததும் வெறும் தண்ணீரை நிரப்பி இரண்டு மூன்று நாள் ஒழுகுகிறதா என்று பாருங்கள். மணல் போடுவது அதற்குப் பிறகுதான். இரண்டடித் தொட்டியின் ஃபில்டர் பஞ்சைக் கழுவாமல் அப்படியே எடுத்துப் புதிய சம்பில் வைத்தால் பாக்டீரியா பெருகக் காத்திருக்கும் நாலு முதல் ஆறு வாரம் நன்றாகக் குறையும். ஆனாலும் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டும்வரை ஆஸ்காரைக் கொண்டுவர வேண்டாம்.